இசையை முதன்மைப் பாடமாக எடுப்பதா, வேறு படிப்போடு சேர்த்துக் கற்பதா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், ஆண்டுதோறும் சில குடும்பங்கள் ஒரே கேள்வியோடு என் வீட்டுக்கு வருகின்றன. பிள்ளை ஏழெட்டு ஆண்டுகளாகப் பாட்டுக் கற்றிருக்கும். வர்ணங்களை இரண்டு காலத்திலும் பாடும். முப்பது நாற்பது கீர்த்தனைகள் பாடமாகியிருக்கும். பள்ளி விழாக்களில் கடவுள் வாழ்த்துக்கு அந்தப் பிள்ளையைத்தான் அழைப்பார்கள். கல்லூரியில் இசையையே முதன்மைப் பாடமாக எடுக்கட்டுமா, அல்லது வணிகவியலோ இயற்பியலோ படித்துக்கொண்டு இசையைச் சார்புப் பாடமாகவோ வெளியில் ஓர் ஆசிரியரிடமோ தொடரட்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான் கல்லூரியில் இசை கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், முதன்மைப் பாடத்தைத்தான் பரிந்துரைப்பேன் என்று எதிர்பார்த்தே வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் அதைச் சொல்வதில்லை. பிள்ளைக்கு இசையில் எவ்வளவு ஆசை என்பதை வைத்து இந்த முடிவை எடுக்க இயலாது. ஆசை இல்லாத பிள்ளை என் வாசலுக்கே வந்திருக்காது. நாள்தோறும் மூன்று மணி நேரச் சாதகத்துக்கு (பயிற்சிக்கு) இடமும் நேரமும், தவற்றை அன்றன்றே திருத்தும் ஓர் ஆசிரியரும் எந்த வழியில் கிடைப்பார்கள் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாணவர்கள் மேஜர், அலைட் என்று சொல்லும் முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் நடைமுறையில் எவ்வளவு நேரத்தைத் தருகின்றன என்பதை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைப் படிப்பின் வாரம் பெரும்பாலும் 30 மணி நேரமாக அமைந்திருக்கும். பகுதி 1 ஆகிய தமிழுக்கும் பகுதி 2 ஆகிய ஆங்கிலத்துக்கும் முதல் ஈராண்டுகளில் ஆறாறு மணி நேரம் போய்விடும். சார்புப் பாடத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரமும், பகுதி 4 இல் வரும் விருப்பப் பாடங்களுக்கு இரண்டு மணி நேரமும் ஒதுக்கினால், முதன்மைப் பாடத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரந்தான். அதிலும் ஒரு பகுதி இசையியல் என்னும் ஏட்டுப் பாடத்துக்கு உரியது. எனவே இசையை முதன்மைப் பாடமாக எடுத்த மாணவி, முதலாண்டில் ஆசிரியர் முன் வாய்திறந்து பாடும் நேரம் வாரத்துக்கு ஆறு ஏழு மணிக்கு மேல் போவதில்லை. மூன்றாம் ஆண்டில் மொழிப்பாடங்கள் விலகியபின் இந்த அளவு கூடுகிறது. இசை இளங்கலை என்றால் காலை முதல் மாலை வரை தம்பூராவின் முன் உட்கார்ந்திருப்பது என்று நினைத்துச் சேரும் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே திகைத்துப் போவதைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் அந்தப் படிப்பு எதைத் தருகிறது? வீட்டு வகுப்பில் எளிதில் கிடைக்காத மூன்றைத் தருகிறது என்பேன். முதலாவது, பாடிப் பழகியதைப் பற்றிச் சிந்திக்கும் பயிற்சி. வேங்கடமகியின் 72 மேளத் (தாய் இராகத்) திட்டத்தை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்திருக்கும் பிள்ளை, அந்தத் திட்டம் 17 ஆம் நூற்றாண்டில் எப்படிக் கணக்கிடப்பட்டது, அதற்கு முன்னிருந்த பகுப்புகள் எவை, சில மேளங்கள் ஏன் பாடப்படாமலே நெடுங்காலம் ஏட்டில் கிடந்தன என்பவற்றை இங்கேதான் கேட்கிறாள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும் வகுப்புக்கு வருகின்றன. செம்பாலையை அரிகாம்போதியோடும், தேவாரப் பண்ணாகிய காந்தார பஞ்சமத்தைக் கேதாரகௌளையோடும் இணைத்துப் பார்க்கும்போது, தான் எட்டு வயதிலிருந்து பாடிவரும் இராகங்களுக்குத் தன் மொழியிலேயே நீண்ட வரலாறு உண்டு என்பது அவளுக்கு விளங்குகிறது. ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் பெருநூலாக எழுதிவைத்த கருத்துகளையும், விபுலாநந்த அடிகள் 1947 இல் யாழைப் பற்றி வெளியிட்ட ஆய்வையும் ஒரே பருவத்தில் எதிரெதிரே வைத்துப் படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது.

இரண்டாவது, ஒரே பாட்டைப் பாடும் மரபு வழிகளாகிய பாடாந்தரங்கள் பலவற்றைக் கேட்கும் வாய்ப்பு. ஒரே ஆசிரியரிடம் வளர்ந்த மாணவி ஒரு கீர்த்தனைக்கு ஒரு சங்கதி வரிசைதான், அதாவது ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் முறை ஒன்றுதான், உண்டு என்று நம்பியிருப்பாள். துறையில் மூன்று ஆசிரியர்கள் மூன்று மரபுகளிலிருந்து வந்திருந்தால், அதே தோடியில் அதே கீர்த்தனை மூன்று உருவங்களில் அவள் காதில் விழும். இதனால் குழம்பிப்போகிறவர்களும் உண்டு. முதல் பாடாந்தரம் உறுதியாக நிற்காத நிலையில் இரண்டாவதைக் கேட்டால், சங்கதிகள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் யாருடையதும் அல்லாத ஒன்று உருவாகிவிடும். ஆகவே இந்த நன்மை ஓரளவு ஊன்றிய மாணவிக்கே நன்மையாகிறது.

மூன்றாவது, கூடப் படிப்பவர்கள். ஒருத்தி பாட, ஒருத்தி வயலின் வாசிக்க, இன்னொருத்தி தாளம் போட்டுத் தவற்றைச் சுட்டிக்காட்ட, மதிய உணவு இடைவேளையில் நிரவலும் கற்பனை சுரமும் பழகுகிற சூழல் கல்லூரிக்கு உரியது. மனோதர்மம் என்னும் கற்பனைத் திறன் தனியறையில் வளர்வதைவிட இப்படிப்பட்ட கூட்டத்தில் விரைவாக வளர்கிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றில் எனக்கு மிகுந்த கவலையளிப்பது சுருதி. கட்டை என்பது பாடகரின் அடிப்படைச் சுருதியைக் குறிக்கும் அளவு. பெண்களில் ஒருத்திக்கு நான்கரைக் கட்டை இயல்பாயிருக்கும். இன்னொருத்திக்கு ஆறு கட்டை. இருபது பேர் உள்ள வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து கட்டையை வைத்து மூன்று ஆண்டுகள் பாடவைத்தால், ஒரு சாராருக்கு மேல்ஸ்தாயி இறுகும்; மற்றொரு சாராருக்குக் கீழ்ஸ்தாயியில் காற்றுதான் வரும். நல்ல துறைகள் செய்முறை வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் சுருதிக்கேற்ப உட்காரவைக்கின்றன. ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த இடங்களில் அது நடப்பதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வளரிளம் பருவத்தில் குரல் உடையும் மகரக்கட்டு விலகிய சில ஆண்டுகளிலேயே கல்லூரிக்கு வருவதால், பதினேழு வயதில் குரல் எங்கே நிலைத்திருக்கிறது என்பதை ஆசிரியர் தனித்தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கலைக் கல்லூரிகளில் இசைப் பட்டப்படிப்பு பெரும்பாலும் மகளிர் கல்லூரிகளில் வளர்ந்த ஒன்று. 1914 இல் தொடங்கப்பட்ட சென்னை இராணி மேரிக் கல்லூரி அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. ஆண்கள் இசைக் கல்லூரிகளையோ, சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையோ, திருச்சிராப்பள்ளிக் கலைக்காவிரியைப் போன்ற நிறுவனங்களையோ நாட வேண்டியிருக்கிறது.

தேர்வு முறை அடுத்த குறை. பாடத்திட்டம் ஒரு பருவத்துக்கு இத்தனை வர்ணம், இத்தனை கீர்த்தனை என்று எண்ணிக்கையில் நடக்கிறது. ஆசிரியரும் மாணவியும் நவம்பர்த் தேர்வுக்குள் பட்டியலை முடிக்க விரைகிறார்கள். ஒரு பைரவி வர்ணம் ஓராண்டு காலம் தொண்டையில் ஊற வேண்டியது. அதை ஆறு வாரத்தில் ஒப்பித்துவிட்டு அடுத்ததற்குச் செல்கிற பழக்கம், பின்னாளில் கச்சேரி மேடையில் வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த இடத்தில், பெற்றோர் பலர் எண்ணிப் பார்க்காத இன்னொரு வழியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இசையைப் பாடமாகப் படிப்பது என்றாலே பி.ஏ. பட்டம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அரசு இசைக் கல்லூரிகள் தனி மரபில் வந்தவை. 1949 இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டு, முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல் முதல்வராகக் கொண்டிருந்த நிறுவனந்தான் இன்றைய சென்னை அரசு இசைக் கல்லூரி. டி. பிருந்தா, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை போன்றோர் அங்கே கற்பித்தார்கள். குருகுலத்தில் உருவானவர்களைக் கொண்டுவந்து, குருகுலத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்வதே அதன் பெரும்பயனாயிற்று. இன்று சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. 2013 இல் இசைக்கும் கவின்கலைக்குமாகத் தனிப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. இசைக் கல்லூரியின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் மொழிப்பாடத்தின் சுமை குறைவு. நாளின் பெரும்பகுதி இசைக்கே உரியது. குரலிசை, வீணை, வயலின், மிருதங்கம் மட்டுமல்லாமல் நாதசுரம், தவில் ஆகியவற்றுக்கும் அங்கே இடமுண்டு. கலைக் கல்லூரிகளின் இசைத்துறையில் பெரும்பாலும் குரலிசைக்கே முதலிடம். தவில் கற்க விரும்பும் பிள்ளை அங்கே போய்ப் பயனில்லை.

இவற்றுக்கும் கீழே, 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஏழு பிரிவுகளில் மூன்றாண்டுப் பயிற்சி தரப்படுகிறது. நாதசுரம், தவில், தேவாரம் ஆகிய பிரிவுகளில் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பள்ளிப் படிப்பு நடுவில் நின்றுபோன, ஆனால் கையில் தாளமும் காதில் சுரமும் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதவு நம் மாநிலத்தில் இல்லை. சென்னை அடையாறில் ருக்மிணி தேவி 1936 இல் தொடங்கிய கலாக்ஷேத்திரா, கர்நாடக இசையில் நான்காண்டுப் பட்டயம் வழங்குகிறது. அங்கே அமையும் முழுநாள் ஒழுங்கு கலைக் கல்லூரியில் அமைவதில்லை.

பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாடு வேலைத் தேடலில்தான் உறைக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பல பணிகளுக்கு எந்தப் பாடத்தில் பட்டம் என்ற கட்டுப்பாடு இல்லை. பி.ஏ. இசை படித்தவள் குரூப் தேர்வுகள் எனப்படும் தொகுதித் தேர்வுகளை வணிகவியல் பட்டதாரியைப் போலவே எழுதலாம். இசைப் பட்டம் வேறெந்த வாசலையும் திறக்காது என்று அஞ்சும் பெற்றோருக்கு இதை நான் முதலில் சொல்வதுண்டு. பட்டயம் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழி அடைபடலாம். எனவே பட்டயம் படிக்கிறவர்கள் அதை முடித்தபின் தொலைநிலைக் கல்வியிலாவது ஒரு பட்டத்தைப் பெற்றுவிடுவது நல்லது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைத் தொடர அனுமதித்ததால், சேரும் நிறுவனத்தின் விதிகள் இடம் கொடுக்குமானால் இரண்டையும் ஒன்றாகவே நடத்தவும் வழி பிறந்திருக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்து, நேரில் வணிகவியலும் தொலைநிலையில் இசையும் படிக்கிறவர்களைப் பார்க்கிறேன். சான்றிதழுக்கு அது உதவும். அஞ்சலில் வரும் பாடநூல் கமகம் என்னும் சுர அசைவைத் திருத்தாது.

இனிச் சார்புப் பாடம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் அமைப்பில் அது ஈராண்டுகள் வரை, வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் நடப்பது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இறுதியில் வெளியிட்ட அமைப்பில், மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டுகளில் முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தது 60 ம், மைனர் எனப்படும் இரண்டாம் பாடத்துக்கு 24 ம் வைக்கப்பட்டன. அந்த அமைப்பைப் பின்பற்றும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களிலும் சேர்பவர்கள், இசைத்துறை அங்கே இருக்குமானால், இசையை மைனராக எடுப்பது நம் ஊர் அலைட்டைவிடக் கனமான படிப்பாக அமையும். தமிழ்நாட்டிலோ இசைத்துறை உள்ள கல்லூரிகள் மிகச் சில. அவற்றிலும் எந்த முதன்மைப் பாடத்தோடு இசையைச் சேர்க்கலாம் என்பதைக் கல்லூரிதான் வரையறுக்கும். கணிதத்தோடு இசையை எடுக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்த ஒரு மாணவிக்கு, நாங்கள் தேடிய எந்தக் கல்லூரியிலும் அந்தச் சேர்க்கை அமையவில்லை. அவள் கணிதத்தை எடுத்துக்கொண்டு மாலையில் ஆசிரியரிடம் போனாள். எனவே சார்புப் பாடம் என்ற வழி, பெற்றோர் நினைப்பதைவிடக் குறுகலானது.

கிடைத்தாலும், அந்த வகுப்பில் ஒரு பகுதியினர் தொடக்கப் பாடமாகிய சரளி வரிசையிலிருந்து தொடங்குகிறவர்களாக இருப்பார்கள். எட்டு ஆண்டுகள் கற்ற பிள்ளைக்கு அங்கே செய்முறையில் புதிதாகக் கிடைப்பது குறைவு. இசையியல் பகுதியில் மட்டும் ஓரளவு பயன் உண்டு. இசையே கல்லாமல், கேட்டு மகிழும் பழக்கம் மட்டும் உள்ள மாணவருக்கு இந்தச் சார்புப் பாடம் அருமையான ஒன்று. இராகத்தை அடையாளம் காணவும் ஒரு கச்சேரியின் அமைப்பைப் புரிந்துகொள்ளவும் அவருக்கு அது கற்றுத்தரும். நல்ல இரசிகர்களை உருவாக்குவதில் சார்புப் பாடத்துக்கு நிகரில்லை. பாடகரை உருவாக்கும் பொறுப்பை அதன்மேல் ஏற்றுவது பொருந்தாது.

நான்காவது வழி, கல்லூரியில் வேறெதையோ படித்துக்கொண்டு இசையை முழுக்க ஆசிரியரிடமே கற்பது. இன்றைய மேடையைப் பார்த்துப் பெற்றோர் பெரிதும் விரும்புவது இதைத்தான். சஞ்சய் சுப்ரமணியன் பட்டயக் கணக்காளர். சௌம்யா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் படித்தவர். இந்தப் பெயர்களைச் சொல்லி, இசையைப் பாடமாகப் படிக்காமலே பெரிய பாடகராகலாமே என்று கேட்கிறார்கள். ஆகலாம், ஆனால் அந்த எடுத்துக்காட்டுகளை முழுமையாகப் பார்க்க வேண்டும். இருவரும் தேர்ந்த ஆசிரியர்களும் அன்றாடக் கச்சேரிகளும் நிறைந்த சென்னையில் இளவயதிலேயே ஆழமாகக் கற்றவர்கள். சௌம்யாவின் ஆசிரியர் எஸ். இராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கீத பூஷணம் பட்டம் பெற்று, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையைப் பற்றி ஆராய்ந்து முனைவரானவர். வேதியியல் படித்த மாணவிக்கு, நிறுவனத்தில் இசையைக் கற்று அதிலேயே வாழ்ந்த ஒருவர் ஆசிரியராக வாய்த்தார். பின்னர் அந்த மாணவியும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசையில் முனைவர் பட்டம் பெற்றார். முதன்மைப் பாடமா தனிக்கல்வியா என்று இரு அணிகளாகப் பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்தத் தொடர்ச்சியைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மறுபுறம், சீர்காழி கோவிந்தராஜன் தமிழ் இசைச் சங்கத்தின் கல்லூரியில் பயின்று இசைமணிப் பட்டம் பெற்றவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தனிக்கல்வி வழியில் மறைந்திருக்கும் இடர், கூடவே படிக்கும் படிப்பில் இருக்கிறது. மூன்றாண்டுக் கலைப் பட்டத்தோடு நாள்தோறும் சாதகம் செய்வது கடினமானாலும் இயலும். பொறியியல் கல்லூரிக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போய், ஆய்வகம் முடித்து, இரவு ஏழரைக்குத் திரும்பும் பிள்ளை நாலரை மணிக்கு எழுந்து அகார சாதகம் செய்யும் என்று நம்புவது வீண். வார இறுதியில் மட்டும் பாடினால் இருப்பதைக் காப்பாற்றலாம், வளர்க்க முடியாது. விடுதியில் தங்கிப் படித்தால் நிலைமை இன்னும் மோசம். குரலிசைக்காரராவது மொட்டை மாடிக்குப் போவார். வீணையை நான்கு பேர் தங்கும் அறையில் எங்கே வைப்பது? மிருதங்கத்தைப் பக்கத்து அறைக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரையிலான நான்கு ஆண்டுகளில் குரலுக்கும் விரலுக்கும் கிடைக்கும் பயிற்சியைப் பின்னால் ஈடுசெய்வது எளிதன்று. என்னிடம் வந்த மிகத் திறமையான இரண்டு மூன்று பிள்ளைகளை இப்படித்தான் இசை இழந்தது. அவர்களுடைய பெற்றோர் யாரும் இசையை நிறுத்தச் சொல்லவில்லை. கால அட்டவணையே அந்த வேலையைச் செய்துவிட்டது.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நிறைவு பெறாது. கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் தொடக்க நிலை இசையாசிரியர் பணிக்கு மேனிலைப் பள்ளித் தேர்ச்சியோடு இசையில் இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். வேதியியல் பட்டமும் அருமையான குரலும் அங்கே போதாது. கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு இசையில் முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும், அல்லது முனைவர் பட்டமும் வேண்டும். வானொலியில் ஏ நிலை பெற்று, தேர்ந்த ஆசிரியரிடம் பயின்ற, பட்டதாரியான கலைஞருக்கு உதவிப் பேராசிரியர் பணியில் தனி வழியொன்றை மானியக் குழுவின் விதிகள் வைத்திருக்கின்றன. அந்த நிலையை எட்டுவதற்குள் முடி நரைத்துவிடும். மாநில அரசுப் பள்ளிகளின் சிறப்பாசிரியர் பணியில் இசைக்கு இடமுண்டு. ஆனால் 2017 இல் ஆசிரியர் தேர்வு வாரியம் ஓவியம், தையல், உடற்கல்வி, இசை ஆகியவற்றுக்கு வெளியிட்ட அறிவிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொத்த இடங்களில் இசைக்குக் கிடைத்தவை நூற்றுக்கும் குறைவே. அந்தப் பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இசையில் பெறும் சான்றிதழும் தொழிலாசிரியர் பயிற்சியும் கருதப்படுகின்றன. எந்த வழியில் கற்பவரும் அந்த இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை எழுதிவைத்துக்கொள்ளலாம். செலவு சிறிது, பயன் பெரிது. வானொலித் தரத்தேர்வுக்குப் பட்டம் தேவையில்லை. அந்தத் தேர்வில் முகம் காட்டாமல் பாடுகிறவரிடம் என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் இசை பொதுத்தேர்வுப் பாடமாக இல்லாததுதான் இந்த வறட்சிக்கு வேர் என்பது என் கருத்து. இலங்கையில் கர்நாடக சங்கீதம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தேர்வுப் பாடமாக இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபை படிப்படியான தரத் தேர்வுகளை நடத்துகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவிலும் மட்டக்களப்பில் விபுலாநந்த அடிகளின் பெயர் தாங்கிய நிறுவகத்திலும் பட்டம் பெறுகிறவர்களுக்கு, தாங்கள் கற்பிக்கப் போகும் பாடம் பள்ளியில் இருக்கிறது. அங்கே இசையை முதன்மைப் பாடமாகத் தேர்வது ஓர் ஆசிரியப் பணியை நோக்கிய தெளிவான பாதை. இங்கே அதே தேர்வு, பெரும்பாலும் வீட்டிலோ இணையத்திலோ வகுப்பெடுத்து வாழ்வதை நோக்கியது. அந்த வாழ்வு இழிவானதன்று. கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இணைய வகுப்பெடுக்கும் என் மாணவிகள் சிலர் நிம்மதியாகவே வாழ்கிறார்கள். ஆயினும் ஓய்வூதியமோ மாதச் சம்பளமோ இல்லாத வாழ்வு அது என்பதைச் சேரும் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை அரசுக் கல்லூரிகளும் இசைக் கல்லூரிகளும் எந்தக் குடும்பத்துக்கும் சுமையாகா. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் ஈராண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. இந்த உதவித்தொகை கல்லூரிப் பாடத்தைப் பார்த்துத் தரப்படுவதன்று. ஆசிரியரிடம் மேற்பயிற்சி பெறுவதற்கானது என்பதால், வேறு பட்டம் படித்து முடித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

இவற்றையெல்லாம் வைத்து நான் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ வசித்து, நல்ல ஆசிரியரிடம் வாரத்தில் மூன்று நாள் போய்வரும் பிள்ளைக்கு, எளிதான நேர அமைப்புள்ள ஒரு கலை அல்லது அறிவியல் பட்டத்தை வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியில் எடுத்துக்கொண்டு, ஆசிரியரை விடாதே என்கிறேன். பட்டம் முடிந்தபின் இசையியலில் ஆர்வம் இருந்தால் முதுகலையில் இசைக்கு வரலாம். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரையும் இசைத் தேர்ச்சியைச் சோதித்துச் சேர்த்துக்கொள்ளும் துறைகள் உண்டு. பேச்சிலும் எழுத்திலும் ஈடுபாடு உடைய, ஏன் இப்படி என்று ஓயாமல் கேட்கிற பிள்ளைக்குப் பி.ஏ. இசைதான் சரியான இடம். அவள் ஆராய்ச்சிக்கும் ஆசிரியப் பணிக்கும் உரியவள். கையில் வாத்தியத்தோடு பிறந்தவனைப் போலிருக்கும், ஏட்டுப் படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளைக்கு இசைக் கல்லூரியின் பட்டயம்.

நான் தயங்காமல் முதன்மைப் பாடத்தையோ இசைக் கல்லூரியையோ வற்புறுத்துவது, சிற்றூரிலிருந்து வரும் பிள்ளைக்குத்தான். கோயில் உற்சவத்திலும் வானொலியிலும் கேட்டுக் கேள்வி ஞானத்தால் பாடுகிற, ஊரில் கீதம் வரைக்கும் சொல்லிக்கொடுக்க ஒருவர் மட்டுமே வாய்த்த பிள்ளை அது. வேறு பட்டம் படித்துக்கொண்டே இசையைத் தொடரலாம் என்ற அறிவுரை அந்தப் பிள்ளைக்குப் பொருளற்றது. அவளுக்குத் தொடர்வதற்கு யார் இருக்கிறார்கள்? நகரத்துப் பிள்ளைக்குக் கல்லூரி இசைத்துறை ஒரு கூடுதல் வசதி. சிற்றூர்ப் பிள்ளைக்கோ அதுவே முதல் தம்பூரா, முதல் நூலகம், முதல் கச்சேரி. சென்ற ஆண்டு வந்த குடும்பங்களில் காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த தாயும் மகளும் அப்படிப்பட்டவர்கள். மகள் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பது மதிப்பெண் எடுத்திருந்ததால், இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டுப் பாட்டுப் படிப்பதா என்று உறவினர்கள் கேட்டதாகத் தாய் வருத்தத்தோடு சொன்னார். அந்தப் பெண் காம்போதியில் ஒரு விருத்தம் பாடினாள். பிழைகள் இருந்தன, பிரயோகங்களில் பாதி வானொலியில் கேட்டவை. ஆனால் தாரஸ்தாயி காந்தாரத்தில் அவள் நின்ற விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. இசையை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றாண்டுகளுக்குப் பின், எந்தப் பாடம் என்று பாராமல் பட்டம் மட்டும் கேட்கும் போட்டித் தேர்வுகளுக்கு அந்தப் பட்டம் செல்லும் என்பதையும் தாய்க்கு விளக்கினேன்.

விண்ணப்பிப்பதற்கு முன், சேர விரும்பும் கல்லூரிக்கு நேரில் ஒருநாள் போய்வரும்படியும் அவர்களிடம் சொன்னேன். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் எத்தனை பேர், அவர்களை எத்தனை குழுக்களாகப் பிரிக்கிறார்கள், குழுவுக்கு எந்தச் சுருதி என்று துறையில் கேட்க வேண்டும். குரலிசை ஆசிரியர்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் எத்தனை பேர், ஆண்டுதோறும் மாறும் கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். மூன்றாண்டில் மூன்று பாடாந்தரம் மாறினால் பிள்ளை தாங்காது. மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியைத் தனியே பாடச் சொல்லிக் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. விடுதியில் விடியற்காலையில் பாட அனுமதி உண்டா, மாலை வகுப்புகள் முடிந்தபின் பயிற்சி அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் விசாரித்துக்கொண்டு வரச் சொன்னேன்.